மருந்துச் சீட்டைப் படிக்கக் கற்போம்

கொங்கு நாட்டில் ஜமக்காளம் நெய்யும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு நூல் இருப்பையும் சரக்கு இருப்பையும் சரிபார்க்கும் பொருட்டு நாம் சென்றிருந்தோம். அன்று கூலி வழங்கும் நாள். உறுப்பினர்கள் நெய்த சரக்கைத் தோளில் சுமந்து வந்து, அளந்து ஒப்படைத்துவிட்டுக் கூலியைப் பெற்றுச் சென்றுகொண்டிருந்தனர். கூலிப் பட்டியலை நாம் புரட்டியபோது, ஒரு பெயருக்கு எதிரே மட்டும் மூன்று வாரமாக ஒன்றும் எழுதப்படாதிருந்தது. நூல் வாங்கிச் சென்றவர், சரக்குத் திரும்பவில்லை. ஆய்வாளரின் குறிப்பேட்டில் இதற்கு ‘நிலுவை’ என்று பெயர். காரணம் கேட்டோம். செயலாளர் சற்றே தயங்கி, “ஐயா, அவர் மருத்துவமனையில் கிடக்கிறார். மாத்திரை கொடுத்ததில் தவறு நேர்ந்துவிட்டது” என்றார்.

மாலையில் செயலாளருடன் நாமும் அவரைப் பார்க்கச் சென்றோம். ஐம்பத்தைந்து வயதினர், முப்பதாண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்தவர். ஓராண்டுக் காலமாக விரல் மூட்டுகள் காலை வேளைகளில் வீங்கி விறைத்து, நாடாவைத் தள்ளவும் பலகையை இழுக்கவும் இயலாமல் வருந்தியிருக்கிறார். நகரத்து மருத்துவர் ஒருவர் முடக்குவாதம் என்று கண்டு, மெதோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். முடக்குவாதத்திற்கு அது நல்ல மருந்து. ஆயின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. இவரோ அதனை நாள்தோறும் உட்கொண்டுவிட்டார். ஒரு வாரம் முடிவதற்குள் வாயெல்லாம் புண், கஞ்சியும் இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. இரத்தத்தில் உள்ள அணுக்கள் குறைந்துவிட்டன என்று கண்டு, மருத்துவமனையில் சேர்த்து மாற்று மருந்து கொடுத்து உயிரைக் காத்தனர்.

அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவியார் எம்மிடம் சொன்ன சொற்களை அப்படியே தருகிறோம்: “சீட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டேனுங்க ஐயா. ‘வீக்லி ஒன்ஸ்’னு படிச்சுச் சொன்னான். ஒடம்பு வீக்கா இருக்கறதுக்குத்தான் குடுத்திருக்காங்கன்னு நெனச்சு, ஒரு நாளும் தவறாம நானே எடுத்துக் குடுத்தேனுங்க.”

ஆங்கிலத்தில் வாரத்தைக் குறிக்கும் ‘வீக்’ என்ற சொல்லும், பலவீனத்தைக் குறிக்கும் ‘வீக்’ என்ற சொல்லும் எழுத்தில் வெவ்வேறு, ஒலியில் ஒன்று. நம் ஊர்களில் இரண்டாவது சொல்தான் வழங்குகிறது. ‘உடம்பு வீக்காக இருக்கிறது’ என்று சொல்லாதார் யார்? அந்த அம்மையார் அறிந்த ஆங்கிலம் பொய்யன்று; பாதியாக இருந்தது. மருத்துவர் வாய்மொழியாகவும் சொல்லியிருக்கக் கூடும். வெளிநோயாளர் கூட்டத்தில் அது காதில் விழாமலும் போயிருக்கலாம். யார் மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. இத்தகைய தவறு இன்னொரு வீட்டில் நிகழாமல் காப்பது எப்படி என்று உறுப்பினர்களோடு கலந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலம் ஏன்?

‘நம் நோயைப் பற்றிப் பேச நமக்கு ஆங்கிலம் எதற்கு? தமிழில் இயலாதா?’ என்று உறுப்பினர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தமிழில் இயலும் என்பது என்றோ மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பவர், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு முதலியவை பற்றிய நூல்களையும் தமிழாக்கி வெளியிட்டார். ஆகவே குறை மொழியில் இல்லை.

எனினும் இன்று நம் கைக்கு வரும் மருந்துச் சீட்டும், மாத்திரை அட்டையும், இரத்தப் பரிசோதனை அறிக்கையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மருத்துவர் தமிழில் பேசுகிறார். அவர் தரும் தாளோ ஆங்கிலத்தில் பேசுகிறது. மருத்துவர் நம்மோடு பேசுவது ஐந்து நிமிடம். தாள் நம் வீட்டில் ஒரு மாதம் இருக்கிறது. மேலும் நம் சங்க விற்பனையாளர்கள் கைத்தறிக் கண்காட்சிகளுக்காகத் தில்லி, மும்பை முதலிய நகரங்களுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்குகின்றனர். அங்கே நோயுற்றால் தமிழறிந்த மருத்துவர் கிடைப்பது அரிது. இவையெல்லாம் தமிழில் வர வேண்டுமென்று கோருவது நம் உரிமை. அது கைகூடும் வரையில் இருப்பதைப் படிக்கக் கற்பது நம் கடமை.

இதற்கு இலக்கணம் முழுவதும் கற்க வேண்டுவதில்லை. நம் கணக்கில் அறுபது சொற்களும் ஏழெட்டு வாக்கியங்களும் போதும். பாவு பிணைக்கக் கற்ற கைக்கு இஃது அரிய செயலன்று.

முதலில் தமிழைச் சரியாகச் சொல்லுக

ஆங்கிலம் கற்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. நம் நோயைத் தமிழில் திருத்தமாகச் சொல்லப் பழக வேண்டும்.

‘மயக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலை சுற்றுவதும் நமக்கு மயக்கம். கண் இருண்டு கீழே விழுவதும் மயக்கம். நினைவற்றுக் கிடப்பதும் மயக்கம். மருந்துண்டபின் கண் செருகுவதும் மயக்கம். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். தலை சுற்றல் ‘கிட்டினஸ்’; சிறிது நேரம் நினைவிழந்து விழுதல் ‘ஃபெயின்டிங்’; நினைவற்ற நிலை ‘அன்கான்ஷியஸ்’; தூக்கக் கலக்கம் ‘டிரௌஸினஸ்’. இவற்றுள் எது என்பதைப் பொறுத்து மருத்துவர் செய்யும் சோதனையும் தரும் மருந்தும் மாறும். ஆகவே ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாது, ‘சுற்றியதா, விழுந்தேனா, நினைவிருந்ததா’ என்று பகுத்துச் சொல்ல வேண்டும்.

‘கால்’ என்றால் நமக்கு இடுப்பின் கீழே பாதம் வரையில் எல்லாம் கால். ஆங்கிலத்தில் பாதம் ‘ஃபூட்’, அதற்கு மேலே உள்ளது ‘லெக்’. ‘கை’யும் அவ்வாறே: மணிக்கட்டுக்குக் கீழே ‘ஹேண்ட்’, மேலே ‘ஆர்ம்’. ஐயமிருப்பின் விரலால் தொட்டுக் காட்டி ‘ஹியர்’ என்பதே நன்று.

வலியைச் சொல்வதில் தமிழுக்குள்ள வளம் பெரிது. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், குத்தல், இசிவு, விண்விண் என்று தெறித்தல் எனப் பல. இவற்றுள் சிலவற்றுக்கேனும் ஆங்கிலம் அறிந்து வைப்பது பயன் தரும். எரிச்சல் ‘பர்னிங்’, ஊசி குத்துவது போன்றது ‘ப்ரிக்கிங்’, தெறிப்பது ‘த்ராபிங்’, தசை இழுத்துப் பிடிப்பது ‘கிராம்ப்’, மந்தமாக விடாது வலிப்பது ‘டல் ஏக்’. வீக்கம் ‘ஸ்வெல்லிங்’, மரத்துப் போதல் ‘நம்னஸ்’. தறிக்குழியில் நாளெல்லாம் அமர்வோர்க்கு இடுப்பு வலி ‘பேக் பெயின்’, முழங்கால் வலி ‘நீ பெயின்’ என்பன நன்கு பழகும் சொற்களாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோய்க்கு நாமே ஆங்கிலப் பெயர் சூட்டி மருத்துவரிடம் சொல்லலாகாது. ‘கேஸ்’, ‘அல்சர்’, ‘பிரஷர்’, ‘வீக்’ என்ற சொற்கள் நம் ஊர்களில் தாராளமாகப் புழங்குகின்றன. நெஞ்சு அழுத்திப் பிடித்து, இடக்கையிலோ தாடையிலோ வலி பரவி, வியர்வை கொட்டும்போது ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடித்துக் காலந்தாழ்த்துவது உயிருக்கே உலை வைக்கும். அது மாரடைப்பாக இருக்கக் கூடும். பெயர் சூட்டுவது மருத்துவர் வேலை. உணர்வதை உணர்ந்தபடி சொல்வது நம் வேலை. மேற்சொன்ன நிலையில் ‘செஸ்ட் பெயின்’, ‘ஸ்வெட்டிங்’, மூச்சு வாங்கினால் ‘பிரெத்லெஸ்’ என்ற மூன்று சொற்கள் போதும். தமிழ்நாட்டில் இருந்தால் சொல் தேடவும் வேண்டாம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 108 ஊர்தியை உடனே அழைத்துத் தமிழிலேயே சொல்லலாம்.

சில வாக்கியங்கள்

தமிழில் ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். ஆங்கிலமோ காய்ச்சலையும் ஓர் உடைமை போலவே பேசுகிறது: ‘ஐ ஹேவ் ஃபீவர்’. ‘ஐ ஆம் ஃபீவர்’ என்றால் ‘நான் காய்ச்சல்’ என்று பொருள்படும். எனவே ‘ஐ ஹேவ்’ என்று தொடங்கி நோவின் பெயரை அடுத்துச் சேர்த்தால் வாக்கியம் முற்றும். இருமல் ‘காஃப்’, தலைவலி ‘ஹெட்ஏக்’, வயிற்றுப்போக்கு ‘லூஸ் மோஷன்’, வாந்தி ‘வாமிட்டிங்’, அரிப்பு ‘இட்சிங்’. வேறொருவருக்காகப் பேசும்போது ‘ஹி ஹேஸ்’ அல்லது ‘ஷி ஹேஸ்’.

எத்தனை நாளாக என்பதற்கு ‘ஃபார் த்ரீ டேஸ்’. எந்நாள் முதல் என்பதற்கு ‘சின்ஸ் மண்டே’. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. மாற்றிச் சொன்னாலும் மருத்துவர் புரிந்துகொள்வார். சொல்லாமல் விட்டால்தான் இடர்.

கேட்பதற்குரிய வாக்கியங்கள் இவற்றினும் இன்றியமையாதவை. ‘பிளீஸ் சே இட் ஸ்லோலி’: மெதுவாகச் சொல்லுங்கள். ‘ஹவ் மெனி டைம்ஸ் எ டே?’: ஒரு நாளைக்கு எத்தனை முறை? ‘பிஃபோர் ஃபுட் ஆர் ஆஃப்டர் ஃபுட்?’: உணவுக்கு முன்னா, பின்னா? ‘ஃபார் ஹவ் மெனி டேஸ்?’: எத்தனை நாளைக்கு? ‘டெய்லி ஆர் வீக்லி?’: நாள்தோறுமா, வாரம் ஒரு முறையா? இந்தக் கடைசிக் கேள்வியை நம் உறுப்பினரின் மனைவியார் கேட்டிருந்தால் மூன்று வாரக் கூலியும் போயிராது, உயிரும் ஊசலாடியிராது.

முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமற் போயிருந்தால் அம்மருந்தின் பெயரைச் சொல்லி ‘அலர்ஜி’ என்று சொல்லிவிட வேண்டும். கருவுற்றிருப்பவர் ‘ப்ரெக்னன்ட்’ என்று, எவரும் கேளாமலே முதலிற் சொல்ல வேண்டும்.

சீட்டில் உள்ள எழுத்துகள்

மருந்துச் சீட்டில் காணும் குறிப்பெழுத்துகள் பல உண்மையில் ஆங்கிலமே அல்ல. இலத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். ஆகவே ஆங்கிலம் படித்த பிள்ளைக்கும் அவை விளங்காமை இயல்பு. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

‘ஓ.டி.’ என்பது நாள் ஒன்றுக்கு ஒரு முறை. ‘பி.டி.’ இரு முறை. ‘டி.டி.எஸ்.’ மும்முறை. ‘எச்.எஸ்.’ படுக்கப் போகும்போது. ‘எஸ்.ஓ.எஸ்.’ தேவைப்பட்டால் மட்டும். ‘ஸ்டாட்’ உடனே. ‘ஏ.சி.’ என்றதும் குளிரூட்டிய அறை நம் நினைவுக்கு வரலாம். சீட்டில் அதற்கு உணவுக்கு முன் என்று பொருள். ‘பி.சி.’ உணவுக்குப் பின். கண் மருத்துவர் சீட்டில் மட்டும் அதே ‘ஓ.டி.’ வலக்கண்ணைக் குறிக்கக் கூடும். சொட்டு மருந்து வாங்குவோர் இதனைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். சிலர் எண்ணால் எழுதுவர். 1-0-1 என்றால் காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் ‘என்.பி.எம்.’ என்று எழுதியிருப்பின், வாய் வழியாக ஒன்றும் தரலாகாது என்பது பொருள். பாசத்தால் ஒரு வாய்க் காப்பி கொடுப்பதும் அப்போது தீங்காகும்.

வாரம் ஒரு முறை உண்ணும் மருந்தாயின் எந்தக் கிழமை என்று கேட்டு, ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையின் மேலே தமிழில் எழுதிவிடுக. கிழமை குறித்துவிட்டால் ‘வீக்’ என்ற ஒலி நம்மை ஏமாற்ற முடியாது.

மருந்தின் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டுமென்று 2016ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழகம் தன் நெறிமுறைகளில் திருத்தம் செய்தது. ஆகையால் எழுத்துப் புரியாதபோது, ‘ஐயா, இதைத் தெளிவாக எழுதித் தாருங்கள்’ என்று பணிவோடு கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மாத்திரை அட்டையில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, மருந்தின் பெயரும் அளவும். சீட்டில் 5 மில்லிகிராம் என்றிருக்க அட்டையில் 50 என்றிருந்தால் உண்ணாமல் திரும்பக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். இரண்டாவது, ‘எக்ஸ்பைரி’ என்னும் காலாவதி. மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரையில் செல்லும். மூன்றாவது, அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு உண்டா என்பது. அக்கோடுள்ள மருந்தை மருத்துவர் சீட்டின்றி வாங்கவோ, பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துதவவோ கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளரின் வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கியபின், மாத்திரை அட்டை வாரா வீடு அரிதாகிவிட்டது. அட்டை வந்தால் போதாது. அதனைப் படிக்கும் கண்ணும் வேண்டும்.

‘நெகடிவ்’ என்றால் அழ வேண்டா

சளிப் பரிசோதனை அறிக்கையில் ‘நெகடிவ்’ என்று கண்டு, காரியம் கெட்டுவிட்டது என்று கலங்கிய உறுப்பினர் ஒருவரை நாம் அறிவோம். பேச்சில் ‘நெகடிவ்’ என்பது கெட்டதையும் ‘பாசிட்டிவ்’ என்பது நல்லதையும் குறிக்கின்றன. நோய்க் கிருமி உண்டா என்று தேடும் பரிசோதனையில் பொருள் இதற்கு நேர்மாறு: தேடியது காணப்படவில்லை என்பதே ‘நெகடிவ்’, காணப்பட்டது என்பதே ‘பாசிட்டிவ்’. இரத்த வகையில் வரும் ‘பாசிட்டிவ்’, ‘நெகடிவ்’ வேறு. அவை வகையின் பெயரேயன்றி நோயின் அறிகுறி அல்ல.

‘அக்யூட்’ என்றால் திடீரெனத் தோன்றியது. ‘கிரானிக்’ என்றால் நெடுநாளாக இருப்பது. கட்டிகளைப் பற்றிய அறிக்கையில் ‘பினைன்’ என்பது புற்றல்லாதது. ‘மேலிக்னன்ட்’ என்பது புற்று. ‘ரெவ்யூ’ என்று எழுதி நாள் குறித்திருந்தால், நோய் தணிந்துவிட்டாலும் அந்நாளில் மீண்டும் சென்று காட்ட வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையில் ‘ஃபாஸ்டிங்’ என்பது எட்டு மணி நேரமேனும் உண்ணாதிருந்து எடுப்பது, தண்ணீர் குடிக்கலாம். ‘பி.பி.’ என்று இங்கே எழுதுவது உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதைக் குறிக்கும். இரத்த அழுத்தத்தையும் ‘பி.பி.’ என்றே சொல்வதால் குழப்பம் வேண்டா. ஆங்கிலத்தில் எழுதும்போது அவற்றின் எழுத்துகள் வேறு. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலும், இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஒரே முறை கண்ட எண்ணை வைத்து நாமே தீர்ப்பெழுதுதல் தகாது. மருந்தை நிறுத்துதலும் தகாது.

விவசாய உறுப்பினர்களுக்கு

பருத்திக்கும் மஞ்சளுக்கும் தெளிப்பதை ‘மருந்து’ என்றே நாம் சொல்கிறோம். ‘மருந்து அடிக்கப் போகிறேன்’ என்பது வயலில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. டப்பாவின் மேலுள்ள ஆங்கிலச் சொல்லோ இதில் நம்மைவிட உண்மை பேசுகிறது: ‘பாய்சன்’, அதாவது நஞ்சு.

1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, டப்பாவின் மேல் ஒரு சாய்சதுரம் இரு முக்கோணங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். மேலே சொல், கீழே நிறம். கீழே சிவப்பும் மேலே மண்டையோடும் ‘பாய்சன்’ என்ற சொல்லும் இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் நிறமும் ‘பாய்சன்’ என்ற சொல்லும் அடுத்த நிலை. நீலத்துடன் ‘டேஞ்சர்’ மூன்றாம் நிலை. பச்சையுடன் ‘காஷன்’, அதாவது எச்சரிக்கை, நான்காம் நிலை. பச்சை என்றவுடன் தீங்கற்றது என்று எண்ணலாகாது, நான்கும் நஞ்சே.

டப்பாவுடன் வரும் தாளில் ‘ஆன்டிடோட்’ என்று இருப்பது மாற்று மருந்து. இச்சொல்லை மறவாதீர்கள். தெளித்தவர்க்கு வாந்தியோ, கண் மங்கலோ, மிகுந்த வியர்வையோ, மூச்சுத் திணறலோ கண்டால், நஞ்சு பட்ட உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். டப்பாவின் மேலொட்டையோ தாளையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் நேரம் இழக்காமல் மாற்று மருந்தைத் தொடங்க இயலும்.

சங்கம் செய்யத்தக்கது

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கிறார். அந்த நான்காமவர் நம் வீடுகளில் பெரும்பாலும் தாயும் மனைவியும் மருமகளுமே. ஆகவே கற்பிப்பதும் அவர்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாம் முதலிற் குறித்த சங்கத்தில் அவ்வாறே தொடங்கினர். ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம், நூல் கிடங்கின் முன்னறையில் வகுப்பு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஊதியமின்றிக் கற்பித்தார். கிராம சுகாதாரச் செவிலியர் மாதம் ஒரு முறை வந்து ஐயம் தீர்த்தார். பாடநூல் ஏதும் இல்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டு மருந்துச் சீட்டையும் அட்டையையும் கொண்டு வந்தனர், அவையே பாடநூல். சங்கத்தின் கரும்பலகையில் வாரம் ஐந்து சொற்கள் எழுதப்பட்டன. மூன்று மாதத்தில் அறுபது சொற்கள் நிறைந்தன. செலவு, சுண்ணக்கட்டியும் ஆளுக்கு ஒரு குறிப்பேடும். குறிப்பேட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, இரத்த வகை ஆகியவற்றை ஆளுக்கொரு பக்கமாக எழுதி வைத்தனர். கண்காட்சிக்குச் செல்லும் விற்பனையாளர் தம் பக்கத்தைப் படியெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

அண்மையில் மீண்டும் அச்சங்கத்துக்குச் சென்றோம். நம் உறுப்பினர் தறிக்குத் திரும்பிவிட்டார். முன்போல் விரைவில்லை, எனினும் கூலிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே எண்கள் எழுதப்பட்டிருந்தன. மருத்துவர் இப்போது வேறு மருந்து எழுதியிருக்கிறார். அவர் மனைவியாரைக் கேட்டோம். “மருந்துக் கடையிலயே நின்னு, ‘இது டெய்லியாங்க, வீக்லியாங்க?’னு கேட்டேனுங்க ஐயா. கடைக்காரரு ஒரு மாதிரி பாத்தாரு. பாத்தா பாக்கட்டும்னு, அவரு சொன்னதை அட்டை மேல எழுதி வாங்கிட்டுத்தான் வந்தேன்” என்றார்.

இக்கட்டுரையில் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியையே. அறுபது சொற்களில் ஐம்பது மறந்து போனாலும் கேட்கும் வழக்கம் மறவாதிருந்தால் போதும். தெரியாததைக் கேட்பது இழுக்கன்று. கேளாமற் கொடுப்பதே இடர்.

கூட்டுறவு என்பது நூலையும் உரத்தையும் சேர்ந்து வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவர் அறிந்ததை அனைவரும் அறியச் செய்வதும் கூட்டுறவே. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு பொருளாக வைத்து, ஒரு கரும்பலகைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம். ஆய்வுக்கு வரும்போது கணக்கேட்டோடு அந்தக் கரும்பலகையையும் பார்க்க நாம் விரும்புகிறோம்.